புதிய டாட்டூ ஆறும் நாட்களில்: எந்த அறிகுறிக்கு என்ன செய்ய வேண்டும்

சென்னையில் 12 ஆண்டுகளாக டாட்டூ போடும் தொழில் செய்துவருகிறேன். ஊசி ஓடும் நேரத்தில் வாடிக்கையாளருக்கு எழாத சந்தேகங்கள் எல்லாம் அதற்குப் பிந்தைய மூன்று வாரங்களில்தான் எழுகின்றன. "அண்ணா, இது சரியாத்தான் இருக்கா?" என்ற கேள்வியோடு என் கைப்பேசிக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை இயல்பாக ஆறிக்கொண்டிருக்கும் தோலின் படங்களே. ஆனால் எப்போதாவது வரும் ஒரு படம், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டிய ஒருவருடையதாக இருக்கும். இந்த இரண்டையும் வாடிக்கையாளரே பிரித்தறிந்துகொள்ள உதவ வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். டாட்டூ ஊசி மேல்தோலைத் துளைத்து, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள அடித்தோலில் மையைச் சேர்க்கிறது. ஆகவே புதிய டாட்டூ என்பது ஓவியமாவதற்கு முன் ஒரு காயம். வலி, சூடு, சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு ஆகிய அனைத்தும் காயத்துக்கு உரியவை, அவை இருப்பதாலேயே பயப்பட வேண்டியதில்லை. அவை நேற்றைவிட இன்று குறைந்திருக்கின்றனவா, கூடியிருக்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் கூடிக்கொண்டே போகும் எந்த அறிகுறியும் டாட்டூ போட்டவரிடம் காட்ட வேண்டியது அன்று, மருத்துவரிடம் காட்ட வேண்டியது. இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள, நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே சன்னலருகே நின்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நினைவு தவறாகச் சொல்லலாம். படம் அப்படிச் சொல்லாது.

எல்லாருக்கும் பொதுவான பராமரிப்பு மிகச் சிறியது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரிலும் வாசனை சேர்க்காத மென்மையான சோப்பிலும் டாட்டூவை நாளுக்கு இரண்டு முறை விரல் நுனியால் கழுவி, துண்டால் துடைக்காமல் காகிதத் துவாலையால் ஒற்றி எடுத்து, நன்றாக உலர்ந்த பின் வாசனையற்ற களிம்பை மிக மெல்லியதாகத் தடவ வேண்டும். மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று தெரியாத அடுக்குமாடிகளில் இருப்பவர்களை, முதல் நான்கைந்து நாட்களுக்குக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைப் பயன்படுத்தச் சொல்கிறேன். இதற்கு மேல் செய்யப்படும் ஒவ்வொன்றும் பெரும்பாலும் கெடுதலையே செய்கிறது என்பது என் அனுபவம்.

சட்டையிலும் படுக்கையிலும் மை ஒட்டுகிறது

முதல் இரண்டு நாட்களில் தெளிவான அல்லது லேசான மஞ்சள் நிறம் கொண்ட ஊனீர் கசியும். அதனோடு சிறிது இரத்தமும், தோலின் மேற்பரப்பில் தங்கிய உபரி மையும் கலந்து வரும். வெளியேறும் இந்த மை ஓவியத்துக்குச் சேர்ந்தது அன்று, மிஞ்சியது. கசிவைத் துடைக்காமல் காயவிட்டால் அதுவே தடித்த பொருக்காக மாறும் என்பதால், முதல் நாள் மட்டும் மூன்று முறைகூடக் கழுவலாம். காலையில் எழும்போது போர்வையோ சட்டையோ டாட்டூவில் ஒட்டியிருந்தால், அதைப் பிய்த்து எடுக்கக் கூடாது. துணியோடு சேர்த்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்தால் ஓரிரு நிமிடங்களில் தானாக விட்டுவிடும்.

ஒட்டுப்படலத்துக்குள் கறுப்பாக நீர் தேங்கியிருக்கிறது

கடைகளில் "செகண்ட் ஸ்கின்" என்று சொல்லப்படும் ஒளி ஊடுருவும் படலத்தை ஒட்டி அனுப்பும்போது இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஊனீரும் மையும் சேர்ந்து படலத்துக்கடியில் ஒரு கறுப்புப் பையைப் போலத் தேங்குவது இயல்பு. ஓரங்கள் நன்றாக ஒட்டியிருக்கும் வரை அதைத் தொடத் தேவையில்லை. ஓரம் விட்டு நீர் வெளியே ஒழுகினால் நிலைமை வேறு. நீர் வெளியேறும் வழியாகவே கிருமியும் உள்ளே போகும் என்பதால், உங்களுக்குச் சொல்லப்பட்ட நாள் கணக்கு முடியாவிட்டாலும் படலத்தை உடனே அகற்றிக் கழுவிவிட வேண்டும். அகற்றும்போது மேல்நோக்கி இழுக்காமல், குளிக்கும் நீரின் கீழ் காட்டியபடி, படலத்தைத் தோலோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் இழுத்தால் பசை வலியின்றி விடும்.

சிவப்பும் அரிப்பும் டாட்டூவின் வடிவில் இல்லாமல், படலத்தின் சதுர வடிவிலேயே கோடு போட்டாற்போல் தெரிந்தால், அது பசைக்கு ஏற்பட்ட ஒவ்வாமை. படலத்தை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டாமல் இருந்தாலே பெரும்பாலும் தணிந்துவிடும். கொப்புளம் எழுந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் படலத்துக்கடியில் வேர்க்குரு வருவதையும் பார்த்திருக்கிறேன். அந்த மாதங்களில் வெளியில் அலைந்து வேலை செய்பவர்களுக்கு நான் படலத்தை ஒரு நாளுக்கு மேல் விடுவதில்லை.

சிவந்து, வீங்கி, சூடாக இருக்கிறது

இதில் நிதானமாகக் கவனம் செலுத்த வேண்டும், ஏனெனில் இயல்பும் ஆபத்தும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் இடம் இதுதான். டாட்டூவைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பும், தொட்டால் வெயில் பட்ட தோலைப் போன்ற சூடும், முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இருக்கலாம். கணுக்காலிலோ காலின் முன்பகுதியிலோ குத்தியிருந்தால், நாள் முழுவதும் நின்று வேலை செய்தவருக்கு மாலையில் பாதம் வரை வீங்குவதும் உண்டு. படுத்துக்கொண்டு, காலைத் தலையணை மேல் நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்தால் காலைக்குள் அது வடிந்துவிடும்.

சந்தேகம் வந்தால் ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, சிவப்பு முடியும் எல்லையைச் சுற்றி, புண்ணைத் தொடாமல், நல்ல தோலின் மேல் ஒரு கோடு வரைந்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிடுங்கள். சென்ற ஆண்டு முன்கையில் டாட்டூ போட்டுக்கொண்ட ஒரு கல்லூரி மாணவர் நான்காம் நாள் இரவு அழைத்தார். பேனாவால் கோடு போடச் சொன்னேன். காலையில் அவர் அனுப்பிய படத்தில் சிவப்பு அந்த நீலக் கோட்டைத் தாண்டி முழங்கை மடிப்பை நோக்கி இரண்டு விரற்கடை ஏறியிருந்தது, அக்குளில் நெறி கட்டியிருப்பதாகவும் சொன்னார். மேலும் ஒரு கேள்வி கேட்காமல் அவரை மருத்துவமனைக்கு அனுப்பினேன். அன்றே மருந்து தொடங்கியதால் டாட்டூவும் தப்பியது, அதைவிட முக்கியமாகக் கையும் தப்பியது.

சிவப்பு எல்லை தாண்டிப் பரவுதல், தணிந்திருந்த வலி மறுபடி ஏறுதல், மஞ்சளோ பச்சையோ கலந்த கெட்டியான சீழ், கெட்ட வாடை, காயத்திலிருந்து மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, நெறி கட்டுதல், காய்ச்சல், குளிர் நடுக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் இன்னும் குறைந்த அறிகுறிக்கே போய்விடுவது நல்லது. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையில் இரண்டைப் போட்டுப் பார்ப்பது, நோயைக் குணப்படுத்தாமல் அறிகுறியை மட்டும் மறைத்துவிடும்.

தோல் உரிகிறது, உரியும் செதிலில் நிறம் இருக்கிறது

நான்காம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் இது அனைவருக்கும் நடக்கும், அனைவரும் பயப்படுவார்கள். பென்சில் சீவலைப் போல மெல்லிய செதில்கள், டாட்டூவின் நிறத்தோடேயே உதிரும். இங்கே உதிர்வது மேல்தோலும் அதில் சிக்கிய மையுமே; ஓவியம் இருப்பது அதற்குக் கீழே உள்ள அடித்தோலில். அங்கே மைத்துகள்களை மேக்ரோஃபேஜ் எனப்படும் எதிர்ப்பு உயிரணுக்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்த உயிரணு இறக்கும்போது வெளியாகும் மையைப் புதிதாக வந்த இன்னொரு உயிரணு விழுங்கிக்கொள்கிறது என்பதை, பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டு எலிகளின் தோலில் காட்டினார்கள். வாழ்நாள் முழுவதும் டாட்டூ நிலைப்பது இந்தக் கைமாற்றத்தால்தான் என்று அறியும்போது, குளியலறைத் தரையில் விழும் நான்கு செதில்களைக் கண்டு கலங்க வேண்டியதில்லை என்பது புரியும்.

செதிலை உரித்துவிடுவது மட்டும் கூடாது. தானாக உதிரும் செதிலுக்கும் நாம் பிய்க்கும் செதிலுக்கும் வேறுபாடு இருக்கிறது: பிய்க்கும்போது இன்னும் அடித்தோலோடு ஒட்டியிருக்கும் பகுதியும் கையோடு வந்துவிடும், அந்த இடத்தில் பிறகு வெளிறிய புள்ளி நிற்கும்.

பொருக்கு தடித்திருக்கிறது, அல்லது கொழகொழவென்று ஊறியிருக்கிறது

இவை இரண்டும் எதிரெதிரான தவறுகளால் வருபவை என்பதால், தீர்வும் எதிரெதிரானது. பொருக்கு கடினமாக, விளிம்புகள் தூக்கிக்கொண்டு, கையை மடக்கும்போது வெடித்து இரத்தம் துளிர்த்தால் தோல் மிகவும் வறண்டிருக்கிறது என்று பொருள். கழுவி உலர்த்திய பிறகு தடவும் களிம்பை ஒரு வேளை கூட்டுங்கள். பொருக்கு மிருதுவாக, வெளுத்து, ஈரமான காகிதத்தைப் போல இருந்தால் களிம்பு அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. அதை ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் எதையும் தடவாமல் காற்றாட விடுங்கள். தடவிய பிறகு தோல் பளபளத்தால் அளவு அதிகம். லேசாக மினுங்கினால் அளவு சரி.

ஐந்தாம் நாளன்று தோளில் துணி கட்டிக்கொண்டு ஓர் இளைஞர் வந்தார். அவிழ்த்துப் பார்த்தபோது, மஞ்சள் தூளும் தேங்காய் எண்ணெயும் குழைத்த பூச்சு ஐந்து நாள் அடுக்காக இறுகி, ஓவியமே தெரியாத ஒரு மஞ்சள் ஓடாக நின்றது. எந்தப் புண்ணுக்கும் மஞ்சள் வைத்து வளர்த்த பாட்டி அன்போடு பூசிவிட்டது அது. ஈரத் துணியை மேலே போட்டு, கால் மணிநேரம் விட்டு விட்டு நனைத்து, ஓட்டை ஓரம் ஓரமாக இளக்கினோம். இளகிய இடங்களில் பொருக்கும் சேர்ந்தே வந்தது, அதற்கடியில் இளஞ்சிவப்பாகக் கசியும் புண் இருந்தது. அவர் குத்தியிருந்த மயில் ஓவியத்தின் கழுத்துப் பகுதியில் நிறம் திட்டுத்திட்டாகப் போய்விட்டது. பாட்டியின் கைவைத்தியத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கடையில் வாங்கும் சமையல் மஞ்சள்தூள் நுண்கிருமி நீக்கப்பட்டது அன்று, அதன் துகள்கள் திறந்த தோலுக்குள் தங்கிவிடும் என்பதை மட்டும் வீட்டுப் பெரியவர்களிடம் பொறுமையாகச் சொல்லிவிடுங்கள். கிருமிநாசினித் திரவங்களையும் இப்படியே தவிர்க்க வேண்டும். அவை கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் தோலையும் எரிக்கின்றன.

அரிப்பு தாங்க முடியவில்லை

உரியும் காலத்தில் அரிப்பு வருவது ஆறுவதன் அடையாளம். சொறியாதீர்கள், உள்ளங்கையால் மெல்லத் தட்டுங்கள், அல்லது குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைச் சில நிமிடங்கள் மேலே வையுங்கள். தூக்கத்தில் சொறிபவர்கள் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, தளர்வான பருத்திச் சட்டையால் அந்த இடத்தை மூடிக்கொண்டு படுக்கலாம். கத்திரிக்காய், கருவாடு போன்ற "கரப்பான்" பண்டங்களை விட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். ஏற்கெனவே அவை உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதவையாக இருந்தால் விடுங்கள். இல்லையென்றால் டாட்டூவுக்காகத் தனியாகப் பத்தியம் இருக்கத் தேவையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட்" என்று கேட்டால், ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த குழாய் ஒன்று கைக்கு வந்துவிடக்கூடும். உறையில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு என்று அறிந்துகொள்ளுங்கள். அரிப்பு ஒரே நாளில் அடங்கும், அதனாலேயே அது நல்ல மருந்தாகத் தோன்றும். ஆனால் அது காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும், உள்ளே வளரும் தொற்றின் சிவப்பையும் மறைக்கும். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அதைத் தடவ வேண்டாம். நியோமைசின், ஃபிராமைசெட்டின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் கலந்த களிம்புகளும் சிலருக்கு ஒவ்வாமையைத் தருபவை. களிம்பு தடவத் தொடங்கிய பிறகே அரிப்பு கூடியது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது களிம்பைத்தான்.

சிறுசிறு பருக்கள்

டாட்டூவின் மேலும் அதைச் சுற்றியும், மயிர்க்கால்களில் மட்டும் வெள்ளைத் தலை கொண்ட பருக்கள் தோன்றினால், பெட்ரோலியம் ஜெல்லியோ எண்ணெயோ கெட்டியாகத் தடவி, வேர்வை வெளியேற முடியாமல் அடைத்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம். தடவுவதை நிறுத்திக் கழுவினாலே இரண்டு மூன்று நாட்களில் அமுங்கும். அமுங்காமல் பெருகினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள், நன்றாக ஆறிவந்த டாட்டூவில், குறிப்பிட்ட ஒரு மை இருக்கும் பகுதியில் மட்டும் சிவந்த தடிப்புகள் தோன்றி மறையாமல் நிற்பது வேறு வகையானது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரத்தில் 2011ஆம் ஆண்டின் இறுதியில் ஒரே கலைஞரிடம் டாட்டூ போட்டுக்கொண்ட 19 பேருக்கு இவ்வாறு தடிப்புகள் வந்தன. முன்கூட்டியே நீர்த்து விற்கப்பட்ட சாம்பல் நிற மையில் இருந்த மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற கிருமியே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. தண்ணீரில் வாழும் இந்த இனக் கிருமிகளுக்கு வழக்கமான ஆன்டிபயாட்டிக் போதாது. தோல் துணுக்கை எடுத்துச் சோதித்து, நீண்ட நாள் சிகிச்சை தர வேண்டிவரும். ஆகவே சாம்பல் நிழலிட்ட பகுதியில் மட்டும் பரு நின்றால், தோல் மருத்துவரிடம் அந்த ஒற்றுமையைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். மை நீர்க்க என்ன பயன்படுத்துகிறார் என்று உங்கள் கலைஞரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம்; குழாய்த் தண்ணீர் என்றால் அங்கே மறுபடி உட்காராதீர்கள்.

சிவப்பு நிறப் பகுதி மட்டும் தடித்து நிற்கிறது

மற்ற நிறங்கள் எல்லாம் ஆறிய பின்னும் சிவப்பு மட்டும் மேடாக, அரிப்போடு நின்றால், அது பெரும்பாலும் நிறமிக்கு ஏற்பட்ட ஒவ்வாமை. எல்லா நிறங்களிலும் சிவப்பே இதை அதிகமாகச் செய்வது. சில வாரங்களிலும் வரலாம், சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். நிறமி உள்ளே இருக்கும் வரை இது தானாக அகலாது என்பதால், வீட்டு முயற்சிகளில் காலம் கடத்தாமல் தோல் மருத்துவரைப் பார்ப்பதே சரி. லேசர் கொண்டு நீக்கிவிடலாம் என்று அவசரப்படவும் கூடாது; நிறமி உடைந்து பரவும்போது ஒவ்வாமை உடலெங்கும் பெருகும் வாய்ப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மைகளில் சேரக்கூடிய ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. மைக்குப்பியின் உறையைப் படித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கும் வர வேண்டும்.

கோட்டுக்கு வெளியே நீலநிற நிழல் தெரிகிறது

கன்றியதால் வந்த நீலமென்றால் பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு வாரங்களில் மறைந்துவிடும். மறையாமல் கோட்டைச் சுற்றிக் கலங்கலாக நின்றால், ஊசி ஆழமாக இறங்கி மை கொழுப்புப் படலத்தில் பரவியிருக்கிறது. அது போட்டவரின் கைப்பிழை. உங்கள் பராமரிப்பில் குறை இல்லை, எந்தக் களிம்பும் அதைத் திருத்தாது.

தவறுதலாகக் கடலிலோ நீச்சல் குளத்திலோ இறங்கிவிட்டேன்

உடனே வெளியேறி, சுத்தமான தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி உலர்த்துங்கள். அடுத்த மூன்று நாட்களுக்குச் சிவப்பின் எல்லையைப் பேனாக்கோட்டால் கவனியுங்கள். இதை நான் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டாட்டூ போட்ட ஐந்தாம் நாளில் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய, நாட்பட்ட கல்லீரல் நோய் கொண்ட 31 வயது மனிதர் ஒருவர், விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கடல்நீர்க் கிருமி தாக்கி இறந்ததை மருத்துவர்கள் 2017ஆம் ஆண்டு பதிவு செய்திருக்கிறார்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மெரினாவில் அலையில் கால் நனைப்பதைக்கூட, காலில் டாட்டூ ஆறும் வரை தள்ளிவைக்க வேண்டும். கோயில் குளம், ஆறு, கிணறு ஆகியவற்றுக்கும் இதே விதிதான். உரிதல் முழுவதும் முடியும் வரை இவற்றில் முங்கக் கூடாது.

தழும்பு மேடாக வளர்கிறது

சில மாதங்கள் கழித்து, கோட்டின் அகலத்தையும் தாண்டி, ரப்பரைப் போன்ற மேடு வளர்ந்தால் அது கீலாய்டு. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் இதற்கான வாய்ப்பு கூடுதல். மார்பு, தோள், காதுமடல் ஆகிய இடங்களில் இன்னும் கூடுதல். காது குத்திய இடத்திலோ அம்மை ஊசித் தழும்பிலோ முன்பே மேடு எழுந்தவர்கள், டாட்டூ போடும் முன்பே அதைச் சொல்லிவிடுவது நல்லது. எழுந்த பிறகு தோல் மருத்துவரின் சிகிச்சையே வழி.

உரிந்து முடிந்த பிறகு மங்கலாக, பால் படிந்தாற்போல் இருக்கிறது

மூன்றாம் வாரத்தில் வரும் இந்த வெண்மங்கல், புதிதாக வளர்ந்த மேல்தோல் இன்னும் முதிரவில்லை என்பதன் அடையாளம். அந்தப் படலம் நான்கு முதல் ஆறு வாரங்களில் தெளியும்போது, அதன் ஊடாக நிறமும் தெளியும். அதுவரை வெயில் படாமல் முழுக்கைச் சட்டையால் மூடிக்கொள்ளுங்கள். சன்ஸ்கிரீனைத் தோல் முழுவதும் மூடிய பிறகு மட்டுமே தடவலாம், அப்போது எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாததாக இருக்கட்டும். ஆறு வாரங்களுக்குப் பின்னும் இடைவெளிகள் தெரிந்தால் மறுமுறை ஊசி ஓட்டித் திருத்திக்கொள்ளலாம். அதற்கு முன் அவசரப்பட்டுக் கேட்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன், ஆறாத தோலில் மறுபடி குத்தினால் தழும்பே மிஞ்சும். திருத்தத்துக்கு வரும்போது முதல் நாளிலிருந்து எடுத்த படங்களையும் கொண்டுவரச் சொல்வேன். பொருக்கு எங்கே பிய்ந்தது, எந்த நாளில் பிய்ந்தது என்பதை அவற்றில் பார்த்துவிட்டால், அந்த இடத்தில் ஊசியை எவ்வளவு மெல்ல இறக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிடும்.